மாதா கெபிக்குப் பின்னால் நின்ற பைப்

ஜெரோமுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கப் போவதில்லை. காலையில்தான் நீ வாட்ஸ்அப்பில் வணக்கம் போட்டாய், நானும் பூங்கொத்துப் படம் அனுப்பினேன், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் பண்ணினால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். பேசிப் பதிவு பண்ணி அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அம்மா கிளி மாதிரி கத்துகிறாள் என்று சிரித்துவிட்டு மறந்துபோவாய். காகிதத்தை யாராலும் வேகமாக ஓடவிட முடியாது. அதனால்தான் இன்றைக்குத் தையல் கடையில் மிஷினை மூடி வைத்துவிட்டு, துணி வெட்டுகிற மேசையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ரவிக்கை வாங்க வந்த இரண்டு பேரை நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டேன். உன் அப்பா பஸ் ஏறி மூலக்குளம் வந்து இதை உன் கையில் கொடுப்பார். நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அங்கிருந்து நகரக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். உன் பெண்டாட்டி ரெஜினாவும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். உன் வீட்டு வேலை பார்க்கிற இன்ஜினியர் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

நேற்று சாயங்காலம் நீ வீடியோவில் உன் வீட்டுப் பாத்ரூமைச் சுற்றிக் காட்டினாயே, அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பழைய வீட்டை வாங்கிவிட்டோமே, பிள்ளை இதில் எப்படிக் குடியிருப்பான் என்று மலைத்துப்போய் இருந்தேன். நீ என்னடா என்றால் சுவரை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, இங்கே கண்ணாடித் தடுப்பு, இங்கே மழை மாதிரி கொட்டுகிற ஷவர், இங்கே சுவரில் தொங்குகிற டாய்லெட் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாய். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் குடில் கட்டிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாயே, அதே முகம். அப்போதுதான் ரெஜினா பின்னாலிருந்து கேட்டாள்: "மேல காத்து பைப்பு ஏத்தலையாங்க?" நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு. முன்பக்க எலிவேஷன் கெட்டுப்போயிடும்னு இன்ஜினியர் சொல்றாருல்ல?" என்றாய். இன்ஜினியர் சிரித்தார். உனக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்காது, எனக்கு இந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. ரெஜினா கையில் பிடித்திருந்த அளவு டேப்பை மடக்கி ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் நீ காட்டிய எதுவும் என் கண்ணில் ஏறவில்லை. நல்லா இருக்குடா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறார்கள் என்றாய். அதற்குள் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். அந்தச் சுவருக்குள் காற்று பைப் ஏற வேண்டும். அந்தப் பெண்ணின் முகம் பழையபடி மலர வேண்டும். டைல்ஸ் ஒட்டியபின் சுவரை உடைப்பது பெரிய வேலை. மனசு விட்டுப்போனால் அதைவிடப் பெரிய வேலை. கல்யாணம் முடிந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, இப்போதே சொன்னால் உன் காதில் ஏறும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரெஜினாவுக்குப் பைப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாய் அல்லவா? அவளுக்கு ஒரு கதை தெரியும். உன் மாமனார் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நெட்டப்பாக்கத்தில் அவர்கள் தெருவுக்கே தெரியும், போன திருவிழாவுக்குப் போனபோது அங்கே ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து, பைப் வூட்டு அம்மா என்று சொல்லிவிட்டு ஓடினாள். உனக்கு மட்டும்தான் தெரியாது. உன் கல்யாணம் எப்படி முடிவானது என்பதுதான் அந்தக் கதை. உன் முகவெட்டையும் நீ போட்டிருந்த நீலச் சட்டையையும் பார்த்து மயங்கித்தான் பெண் கொடுத்தார்கள் என்று நீ இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். நம்பட்டும், நமக்கென்ன என்று நாங்களும் விட்டுவிட்டோம். இனிமேல் விட முடியாது.

தேர் திருவிழாவில் பாட்டுக் குழுவில் அவளைப் பார்த்துவிட்டு வந்து, நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது என் காலடியில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்தப் பொண்ணு அமையலன்னா வேற எதுவும் பாக்காதம்மா." அவ்வளவுதான் சொன்னாய், காதெல்லாம் சிவந்துபோய் எழுந்து போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினால், அந்தப் பக்கத்திலிருந்து பதில் சுரத்தே இல்லாமல் வந்தது. பையனுக்குத் தனியார் வேலை என்றார்கள். வீட்டில் பாத்ரூம் தோட்டத்துக் கோடியில் இருக்கிறதாமே என்றும் கேட்டார்கள். வேலையை நான் மாற்ற முடியாது, பாத்ரூமை மாற்றலாம் இல்லையா? செப்டிக் டேங்க் முன்பக்கம் சந்தோரம் இருந்ததால், முன்னறையின் மூலையைத் தடுத்து, வீட்டுக்குள்ளேயே புதுப் பாத்ரூம் கட்டினோம். உனக்குக் காரணம் சொல்லவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னோம். அவர் பாவம், நீ பார்க்கும்போதெல்லாம் நினைவாக நொண்டினார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. கழிவுக் குழாயிலிருந்து ஒரு பைப்பை மேலே ஏற்றி, மொட்டை மாடியைத் தாண்டி ஆள் உயரத்துக்கு நிறுத்திவிட்டுப் போனார்கள். கெட்ட காற்று மேலே போக, நல்ல காற்று உள்ளே வர. அந்தப் பைப் போய் நின்ற இடம்தான் வம்பு. நம் வீட்டு முகப்பில், கைப்பிடிச் சுவருக்கு மேலே, உன் அப்பா குகை மாதிரி ஆசை ஆசையாகக் கட்டி மாதா சிலை வைத்த கெபி இருக்கிறது அல்லவா, சரியாக அதற்குப் பின்னால் வந்து நின்றது. தெருவிலிருந்து பார்த்தால் மாதாவின் கிரீடத்துக்கு மேல் ஒரு வெள்ளை பைப். உன் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கழிவுக் குழாயைப் போய் மாதாவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோமே, தேர் நம் தெரு வழியாக வரும்போது ஊர் என்ன சொல்லும் என்று என்னிடம் வந்து புலம்பினார். எனக்கும் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் ஆக்சா பிளேடு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பைப்பைச் சாண் உயரத்துக்கு அறுத்து, வாயில் ஒரு மூடியைப் போட்டு சொல்யூஷன் தடவி ஒட்டி, கெபிக்கு அடித்த அதே நீல பெயிண்டை அதற்கும் அடித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்துவிட்டு இறங்கி வந்தார். மின்துறையில் லைன்மேனாக இருந்து ஊரெல்லாம் கம்பம் நட்ட மனுஷன், தன் வீட்டில் நிற்க வேண்டிய ஒரே ஒரு பைப்பை வெட்டிப்போட்டார்.

அதற்கப்புறம் அந்தப் பாத்ரூம் பேச ஆரம்பித்தது. டாய்லெட்டில் தண்ணீர் இழுத்துவிட்டால் கூடத்து மூலையில் இருக்கிற வாஷ்பேசின் குபுக் குபுக் என்று ஏப்பம் விடும். குளித்துவிட்டு வந்தால் தரை ஓட்டையில் தண்ணீரை யாரோ உறிஞ்சுகிற மாதிரி சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வரும், அப்புறம் போகும். நீ அப்போது ஷிப்டு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாய், வந்தால் படுத்துவிடுவாய், உனக்கு மூக்கும் கிடையாது காதும் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் எலி செத்திருக்கிறது என்று வாஷிங் மிஷினை நகர்த்திப் பார்த்தோம். பக்கத்து வீட்டுச் சாக்கடை என்று அவர்கள் மேல் பழியைப் போட்டோம். பினாயிலை ஊற்றினோம். உன் அப்பா ஒருநாள் என் கண்ணில் படாமல் கோயில் தீர்த்தத்தைக்கூடத் தெளித்துவிட்டு வந்தார். மேலே மூடிவிட்டு வந்த மூடி எங்கள் இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை, அதுதான் வேடிக்கை.

அந்த நிலைமையில்தான் பெண் வீட்டிலிருந்து வீடு பார்க்க வருகிறோம் என்று சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வேனில் வந்தார்கள். உன் மாமனார், அவருடைய தங்கை பிலோமினா அத்தை, கூட நாலைந்து சொந்தக்காரர்கள். ரெஜினாவுக்கு அம்மா இல்லை, வளர்த்ததெல்லாம் இந்த அத்தைதான் என்று உனக்குத் தெரியும். முடிவு அண்ணன் கையில் இல்லை, தங்கை கையில் என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் காலையிலேயே பிரியாணிக்கு அடுப்பு மூட்டிவிட்டேன். ஆனால் சம்மதம் ஆகாமல் அவர்கள் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது வழக்கமாயிற்றே. ஜூஸ் குடிப்பார்கள், பிஸ்கட்டைக் கடிப்பார்கள், சோற்றில் கை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்கிறது. வீட்டு நாற்றம் தெரியக் கூடாது என்று உன் அப்பா போட்ட சாம்பிராணியில் கூடமே புகை மூட்டமாக இருந்தது. அத்தை உள்ளே வந்ததும் முதல் வார்த்தையாக, "இன்னாம்மா, வூட்ல சாம்பிராணி தூக்கலா இருக்குது?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா என்று ஏதோ உளறினேன்.

நீ அங்கே உட்கார்ந்து அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாய். வேர்த்து ஒழுகினாய். ஐஸ்கிரீம் வாங்கி வா என்று உன்னை வில்லியனூருக்கு விரட்டியது நான்தான், நீ அங்கே உட்கார்ந்திருந்தால் எனக்கே மயக்கம் வந்துவிடும் போலிருந்தது. நீ போன கொஞ்ச நேரத்தில் உன் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க, போயிட்டு கலந்துக்கினு சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று பெண் கேட்டுப் போன, பெண் கொடுத்த எல்லாருக்கும் தெரியும். என் பிள்ளை ஐஸ்கிரீமோடு வந்து நிற்பானே, அவனிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன். அப்போது பிலோமினா அத்தை, "இருண்ணே, தூரம் போவணும்" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போனார்.

உள்ளே தண்ணீர் இழுக்கிற சத்தம் கேட்டது. உடனே கூடத்து வாஷ்பேசின் அது பாட்டுக்கு குபுக், குபுக், குபுக் என்று பெரிய மனுஷன் ஏப்பம் விடுகிற மாதிரி விட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நீளமான உறிஞ்சல். அதன் பின்னாலேயே நாற்றம் வந்தது பார், சாம்பிராணி எல்லாம் போன இடம் தெரியவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "இன்னாம்மா இது, உள்ள பூதம் கீதம் கட்டி வச்சிருக்கீங்களா?" என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் மாமனார் மட்டும் எழுந்து பேசினுக்குப் பக்கத்தில் போய், காதை வைத்துக் கேட்டுவிட்டு உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"மேல காத்து பைப்பு இருக்குதா?"

"இருந்துச்சு" என்றார் உன் அப்பா.

"இருந்துச்சுன்னா?"

"மாதா கெபிக்குப் பின்னால வருதேன்னு அறுத்துட்டேன்."

"அறுத்துட்டு?"

"மூடி போட்டு ஒட்டி, பூச்சாடி வச்சிட்டேன்."

ஜெரோம், அந்த நொடியில் நான் வாயைத் திறந்தது உன் அப்பாவைத் திட்டத்தான். சத்தியமாகச் சொல்கிறேன். என் பிள்ளையின் கல்யாணத்தையே மூடி போட்டு ஒட்டிவிட்டாயே மனுஷா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பையன் மாதிரி, மறைக்கவும் தெரியாமல், கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு நிற்கிறார். பூச்சாடியைக்கூட விடாமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அடுத்தது யார் என்று நினைக்கிறாய்? பிலோமினா அத்தை. மூக்கைப் பொத்திய முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "பூச்சாடி வேற வச்சாராம்டி" என்று என் தோளில் அடித்தார். அதற்கப்புறம் கூடமே சிரித்தது. உன் அப்பாவும் மெதுவாக அசடு வழிந்தார்.

உன் மாமனார் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆக்சா பிளேடு எங்க?" என்றார். இரண்டு பேரும் மாடிக்கு ஏறினார்கள். மேலே போனவர் முதலில் கெபியைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாராம். உன் அப்பா தயங்கியதற்கு, "மாதாவும் ஒரு வூட்ல சமைச்சு, பாத்திரம் கழுவினவங்கதான். அதெல்லாம் கோச்சுக்க மாட்டாங்க, அறுங்க" என்றாராம். மூடியை அறுத்ததும் உள்ளே இருந்து புஸ்ஸென்று வந்ததில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். கீழே நான் ஒரு பக்கெட் தண்ணீரைத் தரை ஓட்டையிலும் பேசினிலும் ஊற்றினேன். அத்தை பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு தண்ணீர் இழுத்துவிட்டார். பேசின் மூச்சு விடவில்லை. "சத்தம் வருதா?" என்று மேலே இருந்து குரல். "வரல!" என்று நான். "இன்னொரு தபா இழு!" என்று மறுபடி மேலே இருந்து. அத்தை இழுத்தார், மறுபடி இழுத்தார், தொட்டி நிரம்பக் காத்திருந்து இழுத்தார், சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. பெண் பேச வந்த சொந்தக்காரர்கள் பேசினைச் சுற்றி நின்றுகொண்டு காது கொடுத்துக் கேட்டார்கள். நாற்றம் போயே போய்விட்டது. பிரியாணி வாசம்தான் வீடு முழுக்க.

இதில் என்ன நடக்கிறது என்று பிறகு உன் மாமனார் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் குடுக் குடுக் என்று இறங்கும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் ஒழுங்காக ஊற்றும். அதே சங்கதிதான். பேசின், தரை ஓட்டை, டாய்லெட் எல்லாவற்றின் அடியிலும் ஒரு வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. டேங்கில் இருக்கிற கெட்ட காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மொத்தமாகத் தண்ணீர் கீழே பாயும்போது பின்னாலேயே காற்று வேண்டும். மேலே வழி இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வளைவில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்புறம் டேங்கும் கூடமும் ஒன்றுதான். உன் இன்ஜினியர் எலிவேஷன் கெடும் என்கிறார். கெடாது. அடுத்த வாரமே உன் அப்பா அந்தப் பைப்பை முன்பக்கத்திலிருந்து திருப்பி, பக்கச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஏற்றினார், இப்போது தெருவிலிருந்து பார்த்தால் கெபி மட்டும்தான் தெரிகிறது. திருப்பும்போது எங்கேயும் தொய்யக் கூடாது, தொய்ந்தால் அதில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைக்கும், மேல்நோக்கியே போக வேண்டும். மேலே கைப்பிடிச் சுவரைத் தாண்டி நிற்க வேண்டும், உங்கள் ஜன்னலுக்கோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது. வாயில் வலை போட்ட தொப்பி ஒன்றை மாட்டு, இல்லாவிட்டால் குருவி கூடு கட்டும். இதெல்லாம் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் என்றால் ஒரு நாள் வேலை.

அன்றைக்கு அவர்கள் இறங்கி வந்தபோது, உன் மாமனாரின் முதுகெல்லாம் வேர்வை, கையெல்லாம் பைப் தூள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எல்லாரும் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்ததும், வந்த வேலை என்ன என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். "இலை போடும்மா" என்றார். இலை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் சமையல்கட்டிலேயே இரண்டு சுற்று சுற்றினேன். நீ ஐஸ்கிரீம் உருகி ஒழுக, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றபோது, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நீ கதவருகில் நின்று என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். உன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மாப்பிள்ளை கூச்சப்படுவார், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தைதான் எல்லாரிடமும் வாக்கு வாங்கினார். நான் இன்றைக்கு அதை மீறுகிறேன். அவர் என்னை மன்னிப்பார்.

ஏன் மனசு மாறினீர்கள் என்று சாப்பிட்ட பிறகு பின்கட்டில் அத்தையைத் தனியாகக் கேட்டேன். நான் வைத்த பிரியாணியைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க ரெஜினா வாய மூடிக்கினு இருக்கற பொண்ணு இல்லம்மா. ஏன், எதுக்குன்னு கேட்டுக்கினே இருக்கும். தாயில்லாத புள்ளன்னு நாங்க யாரும் அத அதட்டி வளக்கல. கேட்டா அதட்டற வூட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னுதான் வந்த எடத்தையெல்லாம் தட்டிக் கழிச்சேன். உன் வூட்டையும் தட்டிக் கழிச்சிட்டுதான் எழுந்தேன். இன்னிக்கு எங்க அண்ணன் கேட்டாரு, உன் வூட்டுக்காரரு மூஞ்சி காட்டாம உள்ளத சொன்னாரு. நீ அவர வையல, சிரிச்ச. எனக்கு அது போதும்."

திட்டத்தான் போனேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அன்றைக்கு வந்தது பொறுமை இல்லை, வெறும் சிரிப்பு. அது வராமல் போயிருந்தால் நீ வேறு யாரையாவது கட்டிக்கொண்டு இருந்திருப்பாய், அல்லது கட்டாமலே இருந்திருப்பாய். உன் அப்பாவும் நானும் சண்டையே போடாதவர்களும் இல்லை, உனக்குத் தெரியாததா? ஆனால் அன்றிலிருந்து அவர் ஏதாவது கேட்டால், எவ்வளவு அசட்டுக் கேள்வியாக இருந்தாலும், முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பழகிவிட்டது. வீட்டில் சிரிப்பும் கூடியிருக்கிறது.

அத்தை அப்படிச் சொன்னதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க வூட்ல அத யாரும் அதட்ட மாட்டாங்க அண்ணி. என் புள்ளயும் அதட்ட மாட்டான். நான் சொல்றேன்" என்றேன். அவர் சரி என்று தலையை அசைத்தார். தாலி, மோதிரம், பூசை எல்லாம் அப்புறம் நடந்தது. ரெஜினாவை அவர் என்னிடம் ஒப்படைத்தது அந்தப் பின்கட்டில்தான். உன்னைக் கேட்காமல் உன் பேரில் நான் கொடுத்த வாக்கு அது. நேற்று சாயங்காலம் அந்த இன்ஜினியர் முன்னால் அதை நீ உடைத்தாய்.

இப்போது காகிதத்தை மடி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்காமல் உள்ளே இருந்தால் நீயே எழுந்து போ. பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு வா, இன்ஜினியர் இருந்தால் இன்னும் நல்லது, அவர் முன்னாலேயே கேள்: பைப் எந்தப் பக்கமாக ஏறணும், நீ சொல்லு. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுடா, அவள் சொல்லி முடிக்கிறவரை.

அம்மா